நூல் சொன்ன சாட்சி

ஆரணிக்குத் தெற்கே உள்ள தேவிகாபுரத்துக்கு ஒரு முறை சென்றவர்கள் அவ்வூரின் இரு கோயில்களையும் எளிதில் மறக்க மாட்டார்கள். குன்றின் மீது கனககிரீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். கீழே ஊருக்குள் பெரியநாயகி அம்மன் குடிகொண்டிருக்கிறாள். அம்மன் கோயிலில் விஜயநகர காலத்துச் சிற்பிகள் கல்லில் காட்டியிருக்கும் கைவன்மையைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் முழுவதும் நின்றுவிடலாம். நாமும் அப்படி நிற்கத்தான் போனோம். ஆயினும், ஊர் திரும்பிய பின் நம் மனத்தை விட்டு அகலாதிருப்பது அங்கே கண்ட ஒரு பழைய பட்டுச் சேலை.

கோயிலைப் பார்த்துவிட்டு நெசவுத் தெரு வழியாக வந்துகொண்டிருந்தோம். உள்ளே தறியோசை கேட்கும் ஒரு வீட்டுத் திண்ணையில், எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். "இந்த வெயில்ல எங்கே போறீங்க? வந்து உக்காருங்க ஐயா" என்று அழைத்தார். மோரும் வந்தது. பேசிக்கொண்டிருக்கையில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் வெள்ளைத் துணியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். காலஞ்சென்ற மாமியாருடைய கலியாணச் சேலையாம். "மாமா, இது நம்ம ஊர்ச் சேலையா, காஞ்சிபுரமா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டார்.

முதியவர் சேலையின் முகப்பைப் பார்க்கவே இல்லை. அதைப் புரட்டி உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கரையும் உடலும் கூடும் கோர்வையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, சேலையின் நீளவாட்டில் மயிரிழை போல ஓடிய ஒரு கோட்டைக் காட்டினார்.

"அச்சுல ஒரு பல்லு வளைஞ்சிருக்கு. அந்தப் பாவு முழுக்க இந்தக் கோடு ஓடும். இது எங்க அப்பா தறிம்மா. அந்த அச்சை மாத்தச் சொல்லி எங்க அம்மா சண்டை போட்டது இன்னும் காதுல இருக்கு" என்றார்.

சேலையை மடித்த பிறகும் வெகு நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, உங்கள் தகப்பனார் பெயர் சேலையில் எங்காவது இருக்கிறதா?" என்று கேட்டோம்.

"நெய்தவன் பேர் சேலையில ஏதுங்க? கடை பேர்தான் பெட்டி மேல இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. நமக்குத்தான் மனம் சமாதானப்படவில்லை. ஏனெனில், அம்முதியவர் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்த காரியத்தை, மேல்நாட்டுப் பொருட்காட்சி சாலைகள் ஒரு பெரிய சாஸ்திரமாகவே வளர்த்திருக்கின்றன. பெயர் தெரியாத ஒரு சித்திரத்தைத் தீட்டிய கை எது என்று கண்டுபிடிக்கும் சாஸ்திரம் அது. அதில் கோடிக்கணக்கான பணமும், பெரிய அறிஞர்களின் கீர்த்தியும், இறந்து முந்நூறு ஆண்டுகள் ஆனவர்களின் பெயரும் அடங்கியிருக்கின்றன.

ஏழில் எது மூலம்?

பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்திலும் இத்தாலியிலும் சங்கீத வித்வான்களையும், வாத்தியம் வாசிக்கும் பெண்களையும், குழலூதும் சிறுவர்களையும் தீட்டுவது சித்திரக்காரர்களுக்கு மிகவும் உவப்பான விஷயமாக இருந்தது. ஹாலந்தில் அரசர்களும் பிரபுக்களும் மட்டுமின்றி, வணிகர்களும் கைத்தொழிலாளர்களும்கூடப் படம் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். வாங்குவோர் மிகுந்ததால் தீட்டுவோரும் மிகுந்தனர். ஆசிரியர் ஒரு படம் தீட்டுவார். சீடர் அதைப் போலவே இன்னொன்று தீட்டுவார். அடுத்த தெருக்காரர் அதைப் பார்த்து மூன்றாவதைத் தீட்டுவார். எல்லாவற்றிலும் பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. எழுதிய பெயரும் காலத்தால் அழிந்தது; சில சமயம் பேராசையால் மாற்றப்பட்டது. இன்று அப்படங்கள் பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம், நியூயார்க் நகரங்களின் காட்சிசாலைகளில் தொங்குகின்றன. எது மூலம், எது நகல், எது யாருடையது என்ற விவகாரம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இத்தகைய சோதனை நம் நாட்டவருக்குப் புதிதன்று. திருவாரூர்த் தலபுராணத்தில் வரும் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையை அறியாதவர் உண்டா? அசுரரை வெல்ல இந்திரனுக்குத் துணை செய்த சக்கரவர்த்தி, கைம்மாறாகத் தியாகராஜ மூர்த்தியைக் கேட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன், அதே போன்ற ஆறு மூர்த்திகளைச் செய்வித்து, ஏழையும் வரிசையாக வைத்து, 'உமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்' என்றான். முசுகுந்தன் இறைவன் அருளால் மூல மூர்த்தியையே சுட்டிக் காட்டினான். வெட்கமுற்ற இந்திரன் ஏழையும் கொடுத்தனுப்பினான். அவையே திருவாரூர் முதலிய ஏழு விடங்கத் தலங்களில் விளங்குகின்றன என்பது ஐதிகம்.

முசுகுந்தனுக்கு இறைவன் துணை நின்றான். காட்சிசாலை அறிஞனுக்கோ மூன்று சாட்சிகள்தாம் துணை: படத்தின் மேலுள்ள எழுத்து ஒன்று, தீட்டிய கையின் பழக்கம் ஒன்று, படத்தைத் தாங்கி நிற்கும் துணியும் வர்ணமும் ஒன்று. இம்மூவரில் யார் மெய் சொல்வார், யார் பொய் சொல்வார் என்பதை ஒவ்வொரு கதையாகப் பார்ப்போம்.

நட்சத்திரக் குறி

ஹாலந்தில் ஹார்லெம் என்று ஒரு நகரம். அதுவும் துணிக்குப் பேர்போன ஊர். அவ்வூர் வெளுப்புத் துறைகளில் வெளுத்த லினன் துணி ஐரோப்பா எங்கும் பிரசித்தி பெற்றிருந்தது. அங்கே 1609-ல், துணித் தொழிலும் பீர் வடிக்கும் தொழிலும் செய்த ஒரு குடும்பத்தில், ஜூடித் லெய்ஸ்டர் என்ற பெண் பிறந்தாள். அவள் சித்திரத் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, 1633-ல் நகரத்துச் சித்திரக்காரர் சங்கத்தில் அங்கத்தினளாகவும் ஆனாள். ஒரு பெண்ணுக்கு அக்காலத்தில் அது அரிய பேறு. லெய்ஸ்டர் என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் வழிகாட்டும் நட்சத்திரம் என்று பொருள். ஆகவே, தன் பெயரின் முதலெழுத்துக்களான 'ஜே', 'எல்' இரண்டையும் பிணைத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டு அதையே தன் கையெழுத்தாக வைத்துக்கொண்டாள்.

அவள் தீட்டியவற்றுள் பல சங்கீதச் சித்திரங்கள். 1629-ல், கீழிருந்து வெளிச்சம் படும் முகத்தோடு யாழ் போன்ற லூட் என்னும் தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடும் ஒருவனைத் தீட்டினாள். 1630-ல் பிடில் வாசிக்கும் ஓர் ஆடவனையும், கிண்ணத்தை ஏந்தி அவன் அருகில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணையும் தீட்டினாள். 1636-ல் யான் மோலனர் என்ற சித்திரக்காரரை மணந்தாள்; 1660-ல் காலமானாள். கணவரும் இறந்த பிறகு எழுதிய சொத்துப் பட்டியலில் அவள் தீட்டிய சில படங்களுக்கு எதிரே அவள் பெயர் இல்லை. 'இறந்தவரின் மனைவி' தீட்டியவை என்றே குறித்திருந்தார்கள். அதன் பின் அவள் பெயரை உலகம் அடியோடு மறந்தது.

படங்கள் மட்டும் மறையவில்லை. அதே ஊரில் அதே காலத்தில் பிரான்ஸ் ஹால்ஸ் என்ற பெருஞ் சித்திரக்காரர் வாழ்ந்திருந்தார். ஹார்லெமில் தீட்டிய, உயிர்த்துடிப்புள்ள, சிரிக்கும் முகமுள்ள படம் என்றால் அது ஹால்ஸுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று வியாபாரிகள் முடிவு கட்டினார்கள். பிடில்காரன் படமும் ஹால்ஸ் பெயராலேயே பெரிய விலைக்கு விற்பனையாயிற்று. 1893-ல் அதைப் பற்றி லண்டனில் வியாபாரிகளிடையே வழக்கு மூண்டது. கூர்ந்து பார்த்தபோது அதில் இருந்தது ஹால்ஸின் கையெழுத்தன்று; பிணைந்த இரண்டு எழுத்தும் ஒரு நட்சத்திரமும்! விலையைக் குறைத்துக்கொண்டு வழக்கைச் சமரசமாக முடித்தார்கள். அதே ஆண்டில் ஹாப்ஸ்டெட் டி கிரூட் என்ற டச்சு அறிஞர் அந்தக் குறி யாருடையது என்று விளக்கி, ஏழு படங்களை ஜூடித் லெய்ஸ்டருக்கு மீட்டுக் கொடுத்தார். பிடில்காரன் இன்று பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறான். லூட் வாசிப்பவன் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் காட்சிசாலையில் இருக்கிறான். இருவர் அருகிலும் இப்போது அவள் பெயர் இருக்கிறது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஹால்ஸ் என்று எண்ணியபோது எவ்வளவு அழகாக இருந்ததோ, அவ்வளவு அழகாகவே பின்னும் இருந்தது. இறங்கியது விலை ஒன்றுதான். பெரியவர் பெயருக்குக் கொடுக்கும் மதிப்பில் எவ்வளவு பங்கு கலைக்கு, எவ்வளவு பங்கு பெயருக்கு என்பதை அந்த வழக்கு தராசில் வைத்துக் காட்டிவிட்டது.

நம்மவர்களும் இந்த மயக்கத்துக்கு ஆளாகாதவர்கள் அல்லர். புதுக்கோட்டைச் சீமையில் உள்ள சித்தன்னவாசல் குகையின் தூண்களில் ஆடும் நங்கையரின் சித்திரங்கள் இருக்கின்றன. 1920-ஐ ஒட்டி அவை ஆராய்ச்சியாளர் கவனத்துக்கு வந்தபோது, அவற்றை மகேந்திரவர்ம பல்லவனுக்கு உரியவை என்றார்கள். சங்கீதப் பிரியன், சித்திரக்காரப் புலி என்று பட்டம் பெற்றவன், குகைக் கோயில் குடைந்தவன். அவனுக்கல்லாமல் வேறு யாருக்கு உரியதாகும் என்று எல்லோருக்கும் தோன்றிற்று. ஆனால் குகைவாயிலில் உள்ள கல்வெட்டு வேறு விதமாகப் பேசுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அக்குகைக் கோயிலைப் புதுப்பித்த செய்தி அதில் இருக்கிறது. அதைக் கொண்டு, இன்று காணும் சித்திரங்கள் பாண்டியர் காலத்தவை என்பதே இப்போது பலரும் ஏற்கும் முடிவாகும். கீர்த்தி பெற்ற பெயர் காந்தத்தைப் போன்றது. அருகில் கிடக்கும் இரும்புத் தூளையெல்லாம் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

கையின் பழக்கம்

இரண்டாவது சாட்சி கையின் பழக்கம். இதைச் சாஸ்திரமாக்கியவர் இத்தாலியரான ஜியோவன்னி மொரெல்லி. வைத்தியம் படித்தவர், 1816-ல் பிறந்து 1891-ல் மறைந்தார். முகத்தையும் உடையையும் சீடன் குருவைப் பார்த்து எழுதிவிடுவான். காது மடலையும் விரல் நகத்தையும் எழுதும்போது கவனமில்லாமல் தன் சொந்தப் பழக்கத்தையே எழுதுவான். ஆகவே அங்கே பாருங்கள் என்றார் அவர். சங்கீதச் சித்திரங்களில் இந்த உபாயம் மேலும் பயன்படும். தந்தியின் மேல் விரல் எப்படி அழுந்துகிறது, வில்லை எங்கே பிடித்திருக்கிறார்கள், வாத்தியத்துக்கு எத்தனை தந்தி, எத்தனை முறுக்காணி என்று பார்த்தால், வாத்தியத்தை நேரில் பார்த்து எழுதியவன் யார், பிறர் படத்தைப் பார்த்து எழுதியவன் யார் என்று புலப்படும்.

இத்தாலியச் சித்திரக்காரர் காரவாஜியோ தீட்டிய லூட் வாசிப்போன் படத்தில், மேஜையின் மேல் ஸ்வரப் புத்தகம் ஒன்று திறந்திருக்கிறது. அதிலுள்ள ஸ்வரங்கள் வெறும் கோலமல்ல. ஆர்க்கடெல்ட் என்ற வாக்கேயகாரரின் பாடல்கள். தெரிந்தவர்கள் இன்றும் அதைப் பார்த்துப் பாடலாம். அத்தகைய நுட்பத்தோடு எழுத விரும்பிய ஒருவரின் கை அதில் தெரிகிறது. இதற்கு எழுத்துச் சாட்சியும் உண்டு. ரோமாபுரியில் ஜுஸ்தினியானி என்ற பிரபு குடும்பத்தின் 1638-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியலில் இந்தப் படம் இடம் பெற்றிருக்கிறது. அக்குடும்பத்தாரின் படங்கள் விலைக்கு வந்தபோது 1808-ல் ரஷ்யச் சக்கரவர்த்திக்காக வாங்கப்பட்டு, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் காட்சிசாலையில் இருக்கிறது. இதே உருவம் வேறு படங்களிலும் காணப்படுகிறது. அவற்றுள் எது காரவாஜியோவின் கை, எது பிறர் கை என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. கையின் சாட்சியத்தில் உள்ள குறை இதுதான்: பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து அது மாறும்.

துணியின் சாட்சி

மூன்றாவது சாட்சிதான் தேவிகாபுரத்து முதியவர் கேட்டால் உடனே முகமலரக்கூடிய விஷயம். ஐரோப்பியச் சித்திரங்கள் பெரும்பாலும் நெய்த துணியின் மேல் தீட்டப்பட்டவை. ஆளிச் செடியின் நாரில் நூற்ற லினன் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன் மேல் ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு, பிறகே வர்ணம் தீட்டுவார்கள். அந்தப் பூச்சிலே ஈயவெள்ளை என்ற பொருள் கலந்திருக்கும். பூச்சு இழைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் தடிப்பாகவும், இழைகளின் மேல் மெல்லியதாகவும் படியும். ஈயம் எக்ஸ்-ரே கதிரைத் தடுக்கும் குணமுடையது. ஆகவே எக்ஸ்-ரே படம் பிடித்தால், மேலே தீட்டிய சித்திரத்துக்கு அடியில் உள்ள நெசவு, பாவும் ஊடையுமாக, இழை இழையாகத் தெரியும்.

ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளில் பாவிழைகளின் நெருக்கமும் விலக்கமும் ஒரே மாதிரி அமைந்திருக்கும். ஏனெனில் அவை ஒரே அச்சின் பற்களூடே ஓடி வந்தவை. முன்னெல்லாம் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிக் கண் பூத்துப் போவார்கள். இந்த நூற்றாண்டில், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு ஜான்சனும் ரைஸ் பல்கலைக்கழகத்து டான் ஜான்சனும், கணிப்பொறியைக் கொண்டே இழைகளை எண்ணி, நெருக்கத்துக்கு ஒரு நிறமும் விலக்கத்துக்கு ஒரு நிறமுமாகத் துணியின் ஜாதகத்தையே எழுதிவிடும் முறையை உருவாக்கினார்கள்.

இதனால் விளைந்த பயனுக்கு ஒரு கதை. டெல்ப்ட் நகரத்துச் சித்திரக்காரர் வெர்மீர் 1632-ல் பிறந்து 1675-ல் இறந்தார். அவர் தீட்டியவையாக இன்று கிடைப்பவை நாற்பதுக்கும் குறைவு. வர்ஜினல் என்று ஒரு வாத்தியம் உண்டு. பெட்டிக்குள் தந்திகள் இருக்கும். வெளியிலுள்ள கட்டைகளை விரலால் அழுத்தினால் ஒலிக்கும். அதன் முன் அமர்ந்திருக்கும் ஓர் இளம் பெண்ணின் படம் வெர்மீருடையது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லப்பட்டது. பின்னர் பலர் அதை நம்ப மறுத்தனர். மிகச் சிறிய படம். நீளம் 25 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர் அளவே இருக்கும்.

அறிஞர்கள் நம்ப மறுத்ததற்குத் தக்க காரணம் இருந்தது. ஹான் வான் மீகரன் என்ற ஹாலந்துக்காரர் 1930-களிலிருந்து வெர்மீர் பெயரில் போலிப் படங்கள் தீட்டி, பெரிய நிபுணர்களையே ஏமாற்றிவிட்டார். 1937-ல் அவர் தீட்டிய ஒரு படத்தை வெர்மீரின் சிறந்த சிருஷ்டி என்று அப்ரஹாம் பிரேடியஸ் என்ற கீர்த்தி பெற்ற பண்டிதர் புகழ்ந்தார். இன்னொன்றை நாஜித் தலைவர் கோயரிங்கே வாங்கினார். யுத்தம் முடிந்ததும் 1945-ல், தேசத்தின் பொக்கிஷத்தைப் பகைவனுக்கு விற்ற குற்றத்துக்காக வான் மீகரனைக் கைது செய்தார்கள். உயிர் தப்ப வேறு வழியின்றி, 'அவை வெர்மீருடையவை அல்ல. நானே தீட்டினேன்' என்று அவர் உண்மையைக் கக்கினார். 1947-ல் தண்டனை பெற்று, அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தும் போனார். பழைய படங்களை வாங்கி வர்ணத்தைச் சுரண்டிவிட்டு, அந்தப் பதினேழாம் நூற்றாண்டுத் துணியின் மேலேயே அவர் தீட்டியிருந்தார். துணி மெய், கை பொய்! காட்டிக் கொடுத்தது, வர்ணம் இறுகுவதற்காக அவர் கலந்திருந்த இருபதாம் நூற்றாண்டு ரசாயனப் பிசின்.

இவ்வாறு சூடு கண்ட பூனைகளாக இருந்த அறிஞர்கள், வர்ஜினல் வாசிக்கும் பெண்ணை 1993 முதல் பத்தாண்டு காலம் சோதித்தார்கள். அவள் போர்வையில் காரீயமும் வெள்ளீயமும் சேர்த்துச் செய்யும் ஒரு வகை மஞ்சள் இருந்தது. அந்த மஞ்சள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே வழக்கொழிந்து, 1941-ல்தான் மறுபடியும் அறியப்பட்டது. இடைக்காலத்துப் போலிக்காரன் அதை அறிந்திருக்க வழியில்லை. அடுத்தபடியாகத் துணி. லூவரில் வெர்மீரின் 'லேஸ் பின்னும் பெண்' என்ற படம் இருக்கிறது. அது அவருடையது என்பதில் ஐயமில்லை. இரண்டு படங்களின் துணியையும் ஒப்பிட்டார்கள். இழையெண்ணிக்கை ஒத்திருந்தது. 2004-ல் படம் வெர்மீருடையது என்று அறிவிக்கப்பட்டு, லண்டன் ஏலத்தில் 1 கோடியே 62 லட்சம் பவுனுக்கு விற்பனையாயிற்று. பின்னர் கணிப்பொறி முறையில் ஆராய்ந்து, அவ்விரண்டும் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டியவை என்ற முடிவை 2012-ல் வெளியிட்டார்கள்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இங்கே நூலைக் கொண்டே பிள்ளையின் தாயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாட்டிசைக்கும் பெண் ஒருத்தி, நூலைப் பின்னும் பெண் ஒருத்தி. இருவரும் ஒரு பாவில் பிறந்த சகோதரிகள். அந்த லினனை நெய்தவர் யார்? அவர் பெயர் எங்கும் இல்லை. வெர்மீருக்கு அவருடைய படத்தை மீட்டுக் கொடுத்தவர், பெயரில்லாத அந்த நெசவாளர்தாம்.

சிங்காதனத்தின் பெயர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதே பதினேழாம் நூற்றாண்டில் இங்கே யார் சித்திரம் தீட்டினார்கள்? அவர்கள் பெயர் என்ன?

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருண்ட பிராகாரத்தில், நாயக்கர் காலத்துச் சுவர்ச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் காலத்துச் சித்திரங்கள் மறைந்திருப்பதை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். அச்சித்திரங்களில் ஆடும் மகளிரும் வாத்தியக்காரரும் இருக்கிறார்கள். அக்கோயிலில் ஆட அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், அவர்கள் குடியிருந்த தெருவையும் ராஜராஜன் கல்லில் வெட்டுவித்திருக்கிறான். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் அந்தச் சித்திரங்களைத் தீட்டிய கைக்கு உரியவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

இக்குறையைத் திருவாரூர் ஓரளவு தீர்க்கிறது. தியாகராஜப் பெருமான் கோயிலில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில், முன்பு சொன்ன முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை முழுவதும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மராட்டிய மன்னர் ஷாஜி ஆண்ட காலமாகிய பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது அது என்பர். தேவலோகத்துச் சபை, போர், திருவிழா, வாத்தியக்காரர் முன்செல்லும் ஊர்வலம், ஆடும் மகளிர் எல்லாம் அங்கே உண்டு. ஒவ்வொரு காட்சியின் கீழும் இன்னது இன்னது என்று தமிழில் எழுதியிருக்கிறார்கள். அவ்வெழுத்துக்களின் நடுவே சித்திரக்காரர் சிங்காதனம் என்ற பெயரும், பணியைச் செய்வித்த ஓக்கூர் நரசிங்கன் என்ற பெயரும் காணப்படுகின்றன.

ஏழு மூர்த்திகளில் மூலம் எது என்று கண்டுபிடித்தவன் கதையை எழுதிய கை, தன்னை மட்டும் பிற்காலத்தார் தேடி அலைய வேண்டாம் என்று பெயரை எழுதி வைத்திருக்கிறது! ஒரு சொல்; அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லால் சிங்காதனம் நமக்கு உறவினராகிவிட்டார். கூரை ஒழுக்காலும் புகையாலும் சிதைந்துகொண்டிருந்த அச்சித்திரங்கள் இந்த நூற்றாண்டில் சுத்தம் செய்து பாதுகாக்கப்பட்டன. 2011-ல் அவற்றைப் பற்றிய பெரிய படநூல் ஒன்றும் வெளிவந்தது. ஹார்லெமில் ஒரு நட்சத்திரக் குறி செய்த வேலையைத் திருவாரூரில் ஒரு தமிழ்ப் பெயர் செய்தது.

பெட்டியைத் திறவுங்கள்

மேல்நாட்டார் தங்கள் சித்திரங்களுக்குச் செய்யும் இந்தச் சிரத்தையை நாம் நம் பொருள்களுக்குச் செய்கிறோமா? நம் வீடுகளில் பூஜை அறையில் தொங்கும் தஞ்சாவூர்ப் படம் யார் எழுதியது? கூடத்தில் உள்ள வீணையைக் கடைந்த ஆசாரி எவ்வூரார்? பாட்டியின் கலியாணச் சேலையை நெய்த கை எது? கேட்டால் கடையின் பெயர் வரும்; வாங்கிய விலை வரும்; செய்தவர் பெயர் வராது. ஆரணிப் பட்டுக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பெயர் கிடைத்தது நல்லதே. ஆனால் தறியில் அமர்ந்தவரின் பெயர் பெரும்பாலும் இன்னும் பெட்டிக்கு வெளியேதான் நிற்கிறது.

இதற்கு எக்ஸ்-ரே வேண்டாம், கணிப்பொறி வேண்டாம். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால் போதும். ஒரு காகிதத் துண்டில் பென்ஸிலால், செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, யாருக்காக வாங்கியது என்று நான்கு வரி எழுதிப் பொருளோடு வைத்துவிடுங்கள். துணியின் மேலோ படத்தின் மேலோ மையால் எழுத வேண்டாம். மை ஊறிக் கெடுக்கும். இன்று ஐந்து நிமிஷத்தில் முடிகிற இந்தக் காரியத்தை நம் பேரப் பிள்ளைகள் செய்யப் புகுந்தால், பத்தாண்டு ஆராய்ச்சியும் போதாமற் போகலாம். தேவிகாபுரத்துத் திண்ணையில், வளைந்த அச்சுப் பல்லின் கோட்டைப் பார்த்துத் தகப்பனை அடையாளம் கண்டுகொண்ட அந்தக் கண்களும் என்றென்றும் இருக்கப் போவதில்லை.

நாம் விடைபெறுவதற்கு முன் அந்த அம்மாள் நம்மிடம் வந்து, "ஐயா, மாமா சொல்றதை ஒரு சீட்டில எழுதிக் குடுங்க. என் பொண்ணுக்கு இந்தச் சேலையைக் குடுக்கும்போது சேர்த்துக் குடுக்கணும்" என்றார். நம் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தோம். முதியவர் தம் தகப்பனார் பெயரைச் சொன்னார், எழுதினோம். ஊர், தேவிகாபுரம் என்று எழுதினோம். ஆண்டு அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அச்சுல ஒரு பல்லு வளைஞ்சிருந்ததுன்னு அதையும் எழுதுங்க. அப்பதான் கண்டுபிடிக்கலாம்" என்றார். அதையும் எழுதினோம். தாளை வாங்கி ஒரு முறை படித்துப் பார்த்து, சேலையின் மடிப்புக்குள் தம் கையாலேயே வைத்தார்.